எதிரொலிக்காகக் கட்டிய அறை

இசைத்தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கக் கூடாது, ஐயா. உங்கள் ஆட்கள் சாப்பாட்டுத் தட்டுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிப்போனதைக் காருக்குள் இருந்து பார்த்தேன். நிற்கவைத்தால்தான் வளையாது. வெயிலும் படக் கூடாது. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

என் பெயர் நுன்சியோ பலோட்டா. நியூவார்க்கில் பிறந்து, நியூவார்க்கிலேயே டைல்ஸ் ஒட்டி ஓய்வு பெற்றவன். மற்ற நேரமெல்லாம் டூ-வாப் தட்டுகளோடுதான் கழிந்தது. உங்கள் வயதுக்கு அது தெரிந்திருக்காது. நாலைந்து பையன்கள் சேர்ந்து நிற்பார்கள், கையில் வாத்தியம் கிடையாது. ஒருவன் அடித்தொண்டையில் 'டூம் டூம்' என்று தொடங்குவான். நடுவில் இரண்டு பேர் 'ஊ' என்று பாய் விரிப்பார்கள். அதன்மேல் ஒருவன் ஏறி நின்று, தன் காதலைச் சொல்லி அழுவான். வாத்தியம் வாங்க வழியில்லாத பிள்ளைகள் என்பதால் எதிரொலி உள்ள இடமாகத் தேடிப் போவார்கள். படிக்கட்டின் அடி, சுரங்க ரயில் நிலையம், பள்ளிக்கூடக் கழிப்பறை, எதுவானாலும் சரி.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பழைய அடுக்குமாடி இருந்தது. அதன் கீழ்க்கூடத்துச் சுவரில் தோள் உயரத்துக்குப் பச்சை டைல்ஸ். மெரிடேல்ஸ் குழு அங்கேதான் பாடியது. நான்கு பேரும் கறுப்பினப் பையன்கள். இத்தாலிய வீட்டுப் பையனான நான் வாசலுக்கு வெளியே நின்று கேட்பேன். ஒருநாள் அவர்களின் முன்குரல் அலான்சோ கெய்ன்ஸ் கதவைத் திறந்தார்.

"பனியில ஏம்ப்பா நிக்கிற? உள்ள வா, நீயும் ஒரு குரல் புடி."

போனேன். வாயைத் திறந்தேன். நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"நீ கேக்கப் பொறந்தவன்டா. பாடப் பொறந்தவன் இல்ல," என்றார் அலான்சோ. அதில் விஷம் இல்லை. தோளைத் தட்டிக்கொடுத்துத்தான் சொன்னார். அதற்கப்புறம் நான் வெளியிலேயே நின்றுகொண்டேன்.

மெரிடேல்ஸ் ஒரே ஒரு தட்டுதான் போட்டார்கள். 'உன் வாசல் விளக்கு' என்று பாட்டு. கம்பெனி உடனே இழுத்து மூடப்பட்டதால் தட்டும் கடைகளுக்குப் போகவில்லை. என்னிடம் ஒன்று இருக்கிறது. அதைத் தனியாக வைத்திருக்கிறீர்களா என்று அப்புறம் கேட்கிறேன். பல வருடம் கழித்து அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். இடிப்பதற்கு முன் கூடத்துப் பச்சை டைல்ஸை உடையாமல் பெயர்த்து எடுத்தேன். என் வீட்டு நிலவறையில் அதே உயரத்துக்கு, அதே வரிசையில் ஒட்டினேன். உள்ளே நின்று கை தட்டினால் அந்தக் கூடத்திலேயே நிற்பதுபோல இருக்கும். பாடத்தான் ஆள் இல்லை.

போன இலையுதிர் காலத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் தட்டு சேகரிப்பவர்கள் கூடினோம். அங்கே அலான்சோவைப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்தார். சர்க்கரை நோயாளி. என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. தான் பாடிய தட்டே தன்னிடம் இல்லை என்று சொன்னார். கேட்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார், காப்பி குடித்தார், தட்டைக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரைக் கீழே அழைத்துப் போனேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு அடி பாடினார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் அவர்தான், அந்தக் கூடம்தான், ஐயா.

"சனிக்கிழமை கிளம்புறேன். ஜார்ஜியாவுல மககூடப் போய் இருக்கப்போறேன். இந்தக் குளிரு இனிமே நமக்கு ஆகாது," என்றார்.

ஜார்ஜியாவில் அவருக்கு யார் இருக்கிறார்கள், மகளைத் தவிர? அந்தப் பாட்டை அங்கே யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் யோசித்துக்கொண்டே நான் மட்டும் படியேறி வந்தேன். கதவைச் சாத்தினேன். அது காற்றுக்குத் திறந்துகொள்ளும் கதவு என்பதால் பூட்டவும் வேண்டியிருந்தது.

அவர் காலணியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டேன் என்று வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர் பாடுவதை டேப்பில் பதிவுசெய்தேன், குதிகால் உரசும் சத்தம் மைக்கில் விழுந்தது, அதனால்தான். தரைக் குளிர் அவர் கால்விரல்களை என்ன செய்தது என்று மருத்துவர் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடுகிறவருக்குத் தொண்டைதானே முக்கியம், அதற்கு நான் தேன் கொடுத்தேன். பாடினால்தான் சாப்பாடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாடி முடித்துச் சாப்பிடுவது குரலுக்கு நல்லது என்றுதான் சொன்னேன். பாடாத நாட்களில் அவர் சாப்பிடாமல் இருந்தது அப்படித்தான்.

முதலில் கத்தினார். கத்தினால் குரல் கெடும் என்று விளக்கினேன். கேட்காதபோது மேலே ஒரு தட்டை ஓடவிடுவேன். தெருவில் போகிறவர்களுக்கு, பலோட்டா கிழவன் பாட்டுக் கேட்கிறான், அவ்வளவுதான்.

மகள் யோலண்டா தேடிக்கொண்டு வந்தாள். நல்ல பெண். வாசலில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

"கடைசியா உங்க வீட்டுக்குப் போறேன்னுதான் அப்பா போன்ல சொன்னாரு, மிஸ்டர் பலோட்டா."

"வந்தாரும்மா. காப்பி குடிச்சாரு. கெளம்பிப் போயிட்டாரு."

"அவருக்கு ஊசி போடணும். மறந்துடுவாரு. யாராவது ஞாபகப்படுத்தணும்."

கீழே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவளுக்குக் கேட்க வேண்டாமே என்று 'உன் வாசல் விளக்கு' தட்டைப் போட்டு ஒலியைக் கூட்டினேன். அப்பாவின் இளவயதுக் குரலை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லையாம். என் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கைத்துண்டு கொடுத்தேன். அப்பாவின் பாட்டை மகளுக்குக் கேட்கக் கொடுத்ததும் நான்தான் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

குளிர் முடிந்தபோது நிலவறையில் ஈரம் பூத்தது. ஈரம் டேப்புக்கு ஆகாது. நடைபாதை மட்டத்தில் ஒரு சின்னக் காற்றுத் துளை உண்டு, பனிக்காலத்தில் அதைப் பலகை வைத்து அடைத்திருந்தேன். அந்தப் பலகையை எடுத்தேன். அதன்பிறகு அலான்சோ முன்குரல் பாடுவதை நிறுத்திவிட்டார். நடுக்குரலின் 'ஊ'வை மட்டும் பாடினார். காதல் வரி வர வேண்டிய இடத்தை அப்படியே காலியாக விட்டார்.

"என்ன இது, மிஸ்டர் கெய்ன்ஸ்? பாட்டு எங்க?"

"வயசாயிடுச்சுப்பா. மேல ஏற முடியல. இவ்வளவுதான் வருது."

நம்பினேன். என் தவறு அதுதான். தட்டில் எல்லாக் குரலும் சேர்ந்தேதான் இருக்கும், நடுக்குரல் மட்டும் தனியாக ஒலிக்கிற தட்டு உலகத்தில் இல்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு குரல் தனியாகக் கேட்டால் அது அழைப்பு. உயிரோடு ஒருவன் நின்று மற்றவர்களைக் கூப்பிடுகிறான் என்று அர்த்தம். போகிறவன் நின்று, காலியான இடத்தை நிரப்பிவிட்டுத்தான் போவான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியே நின்றே பழகிய காதுக்கு அது அன்று எட்டவில்லை.

ஈஸ்டர் கழிந்த ஞாயிறு. தேவாலயம் விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், சாவி என் சட்டைப் பையில், டேப் ஓடிக்கொண்டிருந்தது. துளை வழியாக 'டூம் டூம்' என்று ஒரு அடிக்குரல் வந்து சேர்ந்தது. முனையில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஹோபர்ட். இளவயதில் மெரிடேல்ஸுக்குப் போட்டிக் குழுவில் பாடியவர். இன்னும் இரண்டு பேர் நடுக்குரல் பிடித்தார்கள். தன் இடம் நிரம்பியதும் அலான்சோ எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலே ஏறினார். ஏற முடியாது என்று சொன்ன மனிதர்.

வரிகளை மட்டும் மாற்றினார். "வாசல் வெளக்கு எரியல, கண்ணே, கீழ பூட்டிக் கெடக்கேன், அலான்சோ நான்தான், என் மககிட்டச் சொல்லு."

மேலே ஒரு கணம் பாட்டு தடுமாறியது. பிறகு ஹோபர்ட் அடிக்குரலை விடாமல், அதே மெட்டில் கேட்டார். "எந்தப் பக்கம், தம்பி, எந்தக் கதவு?"

அலான்சோ அதற்கும் பாடியே பதில் சொன்னார்.

அப்போதே நான் துளையை அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. அப்படிப் பார்த்தால் அவரை விடுவித்ததும் நான்தான். ஆமாம், பூட்டியதும் நான்தான், பனிக்காலம் முழுக்க வைத்திருந்ததும் நான்தான், மகளிடம் பொய் சொன்னதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த டேப் உங்களிடம்தான் இருக்கிறது. முடிகிற இடத்தில் கதவை உடைக்கிற சத்தம் விழுந்திருக்கும், அதை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள். அதற்குச் சற்று முன்னால் சுருதி சேராமல் ஐந்தாவதாக ஒரு குரல் வரும். அதை வெட்ட வேண்டாம், ஐயா. அது என்னுடையது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.