பங்குக் கிணறும் பச்சைப் புல்லும்

அவைத்தலைவர் தம்பிராசா ஐயா அவர்களே, வீட்டுத்தோட்டப் போட்டியில் வென்றோரே, தோற்றோரே, வெயிலில் வெந்தும் செடிக்கு வார்க்க மறவாத தாய்மாரே, எல்லோர்க்கும் பணிவான வணக்கம்.

இன்று விடிய எழுந்ததும் முதல் வேலையாகத் தேநீர் வைத்தேன். ஒரு வாய் குடித்தேன், துப்பினேன். உப்பு! சீனி போட்ட தேநீரில் உப்பு! எங்கள் கிணறு கீரிமலைக் கடலுக்குக் கிட்ட இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மேலே மழை தந்த நன்னீர், கீழே கடல்நீர். அளவோடு அள்ளினால் அமுது. ஆசையோடு இறைத்தால் உவர்.

இறைத்தது யார்? முதற்பரிசோடு முன்வரிசையில் இருக்கும் மார்க்கண்டு அண்ணைதான். கோபிக்க வேண்டாம் அண்ணை. அது எங்கள் இரு வீட்டுக்கும் பங்குக் கிணறு, ஆகவே இதுவும் பங்குக் கோபம்!

ஆடி மாதம், சோளகக் காற்று அனலாய் வீசும் காலம், அவர் முற்றமெல்லாம் புல் விரித்தார். குளிர்நாட்டு ரோசாவும் நட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளை, கனடாவிலை மகன்ரை வீட்டு முத்தம் இப்பிடித்தான் பச்சைப் பசேலெண்டு கிடக்கு."

"அங்கை வானம் ஊத்துது அண்ணை. இங்கை என்ரை மோட்டரெல்லோ ஊத்துது!"

"அவன் வந்து நிக்கேக்கை காய்ஞ்ச முத்தத்தையே காட்டுறது? வெக்கமெல்லோ!"

என்ன ஐயா, பின்னால் இருந்து சொல்கிறீர்கள்? புல் மாட்டுக்காவது உதவுமா என்றா? மாடு என்ன, மனைவி கால் வைக்கவே அண்ணை விடமாட்டார்!

வெட்கம்! அந்தச் சொல்தான் என்னை வாட்டுகிறது. எங்கள் வெயிலுக்கு நாங்களே வெட்கப்படுவதா? இதே வெயிலில் செவ்வரத்தை சிவக்கவில்லையா? அலரி மலரவில்லையா? மாதுளை காய்க்கவில்லையா? கேளாமலே பூப்பதைப் பிடுங்கிவிட்டு, கெஞ்சினாலும் வாழாததை நடுகிறோம். எத்தனை முறைதான் சொல்வது? மண்ணைக் கேளுங்கள், காற்றைக் கேளுங்கள், கிணற்றைக் கேளுங்கள். கனடாவைக் கடைசியாகக் கேளுங்கள்!

பச்சைக்குப் பரிசு கொடுத்தோம், கை தட்டினோம். கிணறு முழுதாய்க் கெட்டால் நாளை இரு வீடும் எதைக் குடிக்கும்?

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை, அந்தத் தூணடியில் நின்று அவரும் இப்போதுதான் கேட்கிறார். கிணற்றடி மோட்டார் என்னுடையது. நாளை காலை அதைக் கழற்றுகிறேன். மாரி மழை வந்து கிணறு தெளியும்வரை இரு வீடும் வாளியால் அள்ளும். என் வீடும்தான். குடிக்க அள்ளுவோம், குளிக்க அள்ளுவோம். அதற்குப் பிறகும் கையில் பலம் இருந்தால், அண்ணை, புல்லுக்கும் அள்ளுங்கள்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், எழுந்து போகாமல் இருந்த மார்க்கண்டு அண்ணைக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.