பெயிண்டுக்கு அடியில் இருந்த அம்புக்குறி

சிதம்பரம் நீதித்துறை நடுவர் முன்பு 2025ஆம் வருடம் மார்ச் மாதம் 19ஆம் தேதி காலை 11.15 மணிக்குக் கொடுத்த வாக்குமூலம்.

என் பெயர் ராபர்ட், வயது 54, தகப்பனார் பெயர் சவரிமுத்து. புவனகிரியில் சிதம்பரம் போகும் சாலையில் குடியிருந்துகொண்டு, வீட்டை ஒட்டிய இடத்தில் இருபத்தாறு வருடமாக லாரி பட்டறை நடத்தி வருகிறேன். இதே விஷயத்தைச் சொல்ல 17ஆம் தேதியும் வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே சாட்சியமாகலாம் என்றும், சொல்லியே தீர வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும் நீதிபதி அம்மா அவர்கள் எடுத்துச் சொல்லி, யோசித்து வரும்படி அனுப்பினார்கள். யோசித்துவிட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. வேண்டாம் என்று தடுத்தவர்கள்தான் உண்டு.

பெண்ணாடம் பக்கத்தைச் சேர்ந்த தட்சிணாமூர்த்தி என்பவரிடம், ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய நான்கு சக்கர இழுவை லாரி ஒன்று இருக்கிறது. கரும்பு வெட்டும் காலத்தில் சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுத்து வெளியே போட அதை வைத்திருக்கிறார். அதன் டிரைவர் சின்னையன், வயது 33. வண்டி வாங்கிய நாள் முதல் அதன் வேலை முழுவதையும் நான் ஒருவன்தான் செய்து வருகிறேன்.

2023ஆம் வருடம் ஆயுத பூஜைக்கு முன்பு, இன்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டான ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழற்றி, கிரீஸ் வைப்பதற்காக இரண்டு துண்டாகப் பிரித்தேன். அதன் பிறகு பூஜைக்காக வண்டியின் அடிப்பாகம் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த இரண்டு துண்டுகளுக்கும் சேர்த்தே அடித்துவிட்டார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன் என்றாலும் வண்டிக்காரர்களுக்காக அன்று என் பட்டறையிலும் பொரி, சுண்டல் உண்டு. பூஜைக்கு முதல் நாள் ஆறு வண்டிகள் வாசலில் நின்றன. ஒவ்வொருவரும் தன் வண்டிதான் முதலில் என்றார்கள். அதன் பிறகு நான் அந்த இரண்டு துண்டுகளையும் கண் மதிப்பாக ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி மாட்டினேன். அடுத்த முறை கழற்றும்போது இடம் மாறாமல் இருக்க, இரண்டிலும் பஞ்ச் என்கிற கூர்முனை இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியால் தட்டி நேருக்கு நேர் ஒவ்வொரு புள்ளி குத்தினேன். புள்ளி வைக்காமல் எதையும் கழற்றமாட்டான் ராபர்ட் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அதன் பிறகு தை மாதம், ஷாஃப்டின் முனையில் கூட்டல் குறி போல இருக்கும் கிராஸ் உடைந்தது. புதிதாக மாட்டினேன். ஆடியில் மறுபடி உடைந்தது. கியர்பாக்ஸ் தாங்கும் ரப்பர்களை மாற்றினேன். கார்த்திகையில் மூன்றாவது முறை உடைந்தது. ஷாஃப்டின் குழாய்த் துண்டை மட்டும் கடலூருக்கு எடுத்துப் போய் லேத்தில் வளைவு பார்த்து வந்தேன், வளைவு இல்லை. ஒவ்வொரு முறையும் என் புள்ளிக்கு நேரே புள்ளி வைத்து, மயிரிழை பிசகாமல் மாட்டினேன்.

மூன்றாவது முறை சின்னையன் என்னிடம், "மாமா, காலி வண்டியா நாப்பதுல போனாலே சீட்டுக்கு அடியில அதிருது. ரோட்டுல நான் ஃபோர்வீல தொடுறதே இல்ல" என்று சொன்னான். தார்ச்சாலையில் நான்கு சக்கர கியரைப் போட்டு ஓட்டினால் கிராஸ் உடையும் என்பது உண்மை. அதனால் நான், "வண்டி பொய் சொல்லாதுடா, நீதான் சொல்ற" என்றேன்.

இந்த வருடம் பிப்ரவரி 11ஆம் தேதி காலை சுமார் 10 மணிக்கு, வெள்ளாற்றுப் பாலத்துக்கு முன்னால் அந்த ஷாஃப்டின் கிராஸ் நான்காவது முறையாக உடைந்து, ஷாஃப்ட் தொங்கிச் சுழன்று, பிரேக் பைப்பை அடித்து முறித்தது. பிரேக் இல்லாத வண்டி சாலையை விட்டு இறங்கி, ஓரத்தில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த இருசம்மாள் மீது மோதியதில் அவருடைய இடது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. தகவல் கிடைத்து நான் போனேன். தட்டுக்கூடை கவிழ்ந்து கிடந்தது, மல்லாட்டையிலிருந்து அப்போதும் ஆவி வந்துகொண்டிருந்தது. போலீசார் என்னை விசாரித்தபோது, டிரைவர் தார்ச்சாலையில் நான்கு சக்கர கியரில் ஓட்டியதே காரணம், பலமுறை எச்சரித்திருக்கிறேன் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற சின்னையன், "மாமா, நீங்களே இப்டி சொன்னா நான் யாருகிட்ட போயி சொல்றது?" என்றான். நான் சொன்னதன் பேரில் அவன் மீது வழக்குப் பதிவாகி லைசென்ஸ் வாங்கி வைக்கப்பட்டது. அரசு பஸ் டிரைவர் வேலைக்கு இந்த மாதம் 26ஆம் தேதி ஓட்டிக் காட்ட வரச்சொல்லி அவனுக்குக் கடிதம் வந்திருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஸ்டேஷன் வளாகத்தில் நின்ற வண்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன். சின்னையன் நான் சொன்னபடி ஓட்டியிருந்தால் முன்சக்கரத்துக்குப் போகும் முன்பக்க ஷாஃப்டின் கிராஸும் ஆட்டம் கண்டிருக்க வேண்டும், முன் டயர் தேய்ந்திருக்க வேண்டும். டயர் தேயவில்லை. கிராஸ் நான் பல வருடத்துக்கு முன் மாட்டியது, அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பையன் பொய் சொல்லவில்லை என்றால் காரணம் வேறு எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் பட்டறையைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

இது தெரிந்து தட்சிணாமூர்த்தி வீட்டுக்கு வந்து, "மச்சான், இந்த டிரைவரு போனா இன்னொருத்தன் வருவான். ஒம் பேரு போச்சுன்னா எவன் வண்டிய கொண்டாருவான்? கம்முனு இரு" என்றார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். நான் கேட்கவில்லை.

அதன் பிறகு இம்மாதம் 5ஆம் தேதி காலை, போலீஸ் ஆய்வாளரின் அனுமதியுடன், மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில், உடைந்த ஷாஃப்டின் பெயிண்டைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் கம்பெனி அச்சடித்த அம்புக்குறி ஒன்று தெரிந்தது. அதற்கு நேரே இருக்க வேண்டிய இன்னொரு அம்புக்குறி மூன்று விரற்கடை தள்ளி இருந்தது. அம்புகள் நேரே சேராவிட்டால் ஷாஃப்ட் சுற்றும்போது அதிரும், அதிர்ந்தால் கிராஸ் உடையும். சின்னையன் சொன்ன அதிர்வு அதுதான். என் புள்ளிகள் இரண்டும் துளியும் விலகாமல் நேருக்கு நேராக இருந்தன. முதல் நாள் செய்த தப்பையே மூன்று முறையும் ஒழுங்காகத் திரும்பச் செய்திருக்கிறேன். அன்றைக்கே துடைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் போட்டோ எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே கடலூரில் ஆஸ்பத்திரியில் இருந்த இருசம்மாளைப் போய்ப் பார்த்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அதற்கு அவர், "அந்தப் புள்ள தெனம் வந்து நிக்கிறான், நான் மூஞ்ச திருப்பிக்கிறேன். நாளையிலேர்ந்து நீ வந்து நில்லு. அவன வேலைக்கு அனுப்பு" என்றார். அதன்படி தினமும் போய் நிற்கிறேன். இன்றும் இங்கிருந்து அங்கேதான் போகிறேன்.

சின்னையன் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவனுடைய லைசென்ஸை 26ஆம் தேதிக்கு முன்பு திருப்பிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் புள்ளி குத்திய அந்தப் பஞ்ச் கம்பியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

மேலே உள்ளவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. பிப்ரவரி 11ஆம் தேதியும் இப்படித்தான் படித்துக் காட்டினார்கள், சரி என்றேன். அன்று சொன்னது பொய். இது நிஜம்.

(ஒப்பம்) ச. ராபர்ட்