குடிக்காத பாறை

கைய உடாதீங்க அம்மிணி, ஒட்டிக்கும். போன மாசம் கெணத்துத் தண்ணி செவப்பா வந்துச்சு, இப்பக் கிளிப்பச்சை. எருமைக்குக் காட்டுனா மோந்து பாத்துப் போட்டு என்னையே பாக்குதுங்க.

ஆமாங்க, மனுக் குடுத்த ஆத்தப்பன் நாந்தான். பாட்டில்ல புடிச்சுக்கங்க. நீங்க பாறையப் பத்தியே படிச்சவங்கன்னு டிரைவர் சொன்னாரு. ஒண்ணு கேக்கலாமுங்களா? எட்டாவதோட நின்னவன், கேக்கறதுக்குக் கூச்சமா இருக்குது.

அரியலூர்ப் பக்கம் பாறைக்குள்ள சங்கு கெடக்குமாமா? அப்ப நெசந்தான். கடல் இருந்த எடம், சேத்து மேல சேறு அமுந்திக் கல்லாயிருச்சு. சரீங்க. அந்தக் கல்லு ஒண்ணு எங்கூட்ல இருக்குதுங்க, டிவிக்குப் பக்கத்துல. எலந்தப்பழம் அளவுக்குச் சங்கு, எண்ணுனா பதினேழு. தண்ணில போட்டா சோடாவாட்டம் பொரியுது. உள்ள பூராச் சந்து, காத்து வெளிய வருது, தண்ணி உள்ள போவுது. எடை போட்டுப் பாத்தேன், ஏறியிருந்துச்சு. நம்மூருக் கல்லையும் போட்டேன். அது சும்மா கெடந்துச்சு.

அந்தப் பக்கம் எண்ணெய் எடுக்கறவங்க, கூட வர்ற உப்புத் தண்ணிய மறுபடியும் அடிப்பாறைக்கே எறக்கிடுவாங்களாமா. மேல களிமண்ணுப் பாறை மூடியாட்டம் உக்காந்திருக்கும், ஏறி வராதாமா. சரிதானுங்களே?

இத ஒருத்தன் கல்யாணத்துக்குப் போன எடத்துல கேட்டானுங்க. கல்லையும் எடுத்துட்டு வந்தான். சாயத்தண்ணியச் சுத்தம் பண்றதுக்குக் கட்டுப்படியாகல. வறண்டுபோன போர் ஒண்ணு சும்மா கெடந்துச்சு, ஆயிரத்து எரநூறு அடி. அதுல உட்டுட்டான். பாறை குடிச்சுக்கும்னு.

சிரிக்கறீங்க. சிரிங்க, தப்பில்ல.

நம்ம பாறை எங்கீங்க குடிக்கும்? வெந்து எறுகுனது. சங்குமில்ல, சந்துமில்ல, வெறும் வெடிப்புத்தான். அவன் அங்க உட்டது வெடிப்புக்குள்ளயே ஓடி இங்க வந்து நிக்குது. இருவத்தஞ்சு தென்னைல பாளை உட்டது நாலுங்க. அக்கட்டத் தோட்டத்து வெள்ளியங்கிரி கெணறும் போச்சு. வெள்ளியங்கிரி சம்சாரம் தெனம் வேலியோரமா வந்து, மாமா, எந்த நாசமாப் போனவன் நம்ம தலைல ஊத்தறான்னு பேசிட்டுப் போவுது. நான் குனிஞ்சுட்டு நிப்பனுங்க.

இப்ப நிறுத்துனா எப்பத் தெளியும்? மழை நல்லாப் பேஞ்சாலும்? நான் இருக்கற வரைக்குமாவது? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

இல்லீங்க, மனுக் குடுக்கறப்ப யாருன்னு தெரியாது. ஞாயித்துக்கெழமை ஒரு சின்னப்புள்ள வந்துச்சு, யாழினின்னு. போட்டிருந்த பனியன் கிளிப்பச்சை. நான் அப்பத்தான் வாளில மோந்து வெச்சிருந்தேன், அதே கலரு. எந்தக் கடைல வாங்குனது கண்ணுன்னு கேட்டேன். கடைக்கே இன்னும் வரல, சாம்பிள் பீஸு, எங்கப்பா சாயம் போட்டதுன்னு குதிச்சுது. பனியன் ஓரத்தைப் புடிச்சு வாளிக்கிட்ட வெச்சுப் பாத்தனுங்க. அதுக்கப்பறம் எதுக்கு பாட்டிலு, டெஸ்ட்டு.

மனுவத் திருப்பி வாங்கிக்கலாம்னு நேத்துப் பூரா ரோசனை பண்ணுனேன். வெள்ளியங்கிரி ஊட்லயும் கைக்கொழந்தை இருக்குதுங்க.

எழுதிக்கங்க. தரணீதரன். டையிங் பட்டறை, பெருமாநல்லூர் ரோட்டுல. போர் பாய்லருக்குப் பொறகால, மேல தகரம் போட்டு மூடியிருக்கும்.

தகப்பன் பேருங்களா? ஆத்தப்பன்.

இல்லீங்க, வேற ஆத்தப்பன் இல்ல. மனுவுல கையெழுத்துப் போட்டவந்தான்.

எதுக்கு நிறுத்திட்டீங்க, எழுதுங்க. சித்த நெழல்ல உக்காருங்க, மோர் கொண்டாறேன். பயப்படாதீங்க அம்மிணி, கேன் தண்ணில கரைச்சது. அவந்தானுங்க வாராவாரம் கொண்டாந்து எறக்கறான். கெணத்துத் தண்ணியத் தொட்றாதீங்கப்பான்னு சொல்லிட்டுப் போறான்.