கத்தியைத் தொடாதவனின் முதல் வேலை நாள்

“கத்தியைத் தொட மாட்டேன்னு எங்கம்மா தலைல அடிச்சு சத்தியம் பண்ணிக்கீறேன்க்கா.”

அடையாறிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில், முன் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்ததும், வீரனான நான் என் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது தயிர்சாதம்.

பேசியவனுக்கு இருபது வயதிருக்கும். பக்கத்தில், அடிதடி வழக்கில் சிக்கிய பிள்ளைகளுக்கு வேலை தேடித் தரும் டிரஸ்ட்டின் அட்டையைக் கழுத்தில் மாட்டிய பெண்.

“டேய், அது தெருச்சண்டைக்குப் பண்ண சத்தியம். ஓட்டல்ல காய் நறுக்கத்தானே உன்னைக் கூப்பிட்டிருக்காங்க?”

“டேபிள் தொடைக்கிற வேலைன்னு நெனச்சேன்க்கா. சத்தியம்னா சத்தியம்தான்.”

“கேஸ்ல இருந்த பையனான்னு மேனேஜர் எவ்ளோ தயங்கினார் தெரியுமா? முதல் நாளே நீ மாட்டேன்னா, அடுத்து நம்ம பசங்க யாரையும் எடுக்க மாட்டார். அம்மாவுக்குப் போன் போடு.”

போட்டான். ஸ்பீக்கரில் வந்த குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

“காய் நறுக்கவா? நல்லா நறுக்கு நைனா, என் தலைக்கு ஒண்ணும் ஆவாது. இரு, அந்தப் பொண்ணுகிட்ட குடு. ஏம்மா, வூட்ல வெங்காயம் அரிஞ்சு குடுடான்னா, இந்த சத்தியத்தைச் சொல்லியே தப்பிச்சிக்கினு கீறான். வேலை முடிஞ்சதும் நேரா அனுப்பு. அரை கிலோ சின்ன வெங்காயம் இவனுக்காகக் காத்துக்கினு கீது.”

பனகல் பூங்காவில் அவள் சிரித்துக்கொண்டும் அவன் தலையைச் சொறிந்துகொண்டும் இறங்கினார்கள்.

நான் அதற்கு முன்பே நந்தனத்தில் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தினமும் வெங்காயம் நறுக்குபவன் நான். இப்படியொரு சத்தியம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்ற யோசனையில் நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டேன்.