நாலரை விரல் சுவர்

சம்பந்தகாரவுக கோவிச்சுக்கிட்டு வேன்ல ஏற வேணாம். சாணியக் கொண்டாந்து வச்சது மாப்பிள்ளைய அவமானப்படுத்த இல்ல. கதையக் கேட்டுட்டு அப்புறம் முறைக்கறதுன்னா முறைங்க. நானும் ஒரு சந்தேகப் பேர்வழிதான். கூடப்பொறந்தவன் சொன்னாலும் ரெண்டு தடவை தட்டிப் பாத்துத்தான் நம்புவேன்.

இந்த நரியனேந்தல் கம்மாய்க்கு மடையே கட்டாத காலமாம். ஊருல எண்ணி இருவது தலைக்கட்டு. அதுல ஒருத்தன் சோணமுத்து. கெணறு வெட்டுறவன். வெட்டும்போது கல்லு விழுந்து வலது கையில மோதிர வெரலு பாதி போயிருச்சு. பாதி போனாலும் மம்பட்டியப் புடிச்சா ரெண்டாளு வேலை செய்வானாம்.

அவன் பொண்டாட்டி நாச்சம்மா. இடுப்புக்குக் கீழ வெளங்காம நாலு மாசம் பாயில கெடந்து செத்துப் போனா. ஒரே மக இருளாயி, ஆறு வயசு. ஊரு என்ன நெனச்சுச்சு? இனி அந்த வீட்டு அடுப்புல பூனைதான் படுக்கும்னு நெனச்சுச்சு.

பூனை படுக்கலயாம்.

விடிஞ்சா அந்த வீட்டுல பொகை வருது. பொழுது சாஞ்சா மல்லி வறுக்குற வாசம் வருது. வாசல் மெழுகிக் கெடக்கு. பித்தளைச் செம்புல மொகம் தெரியுது. சோணமுத்து வேட்டி கொக்கு மாதிரி இருக்கு. ஆனா கதவு மட்டும் எப்பவும் சாத்தியே இருக்கு. ஊரு சும்மா இருக்குமா?

பக்கத்து வீட்டுக்காரி ராக்கு. நம்ம சாதி, அதாவது சந்தேகச் சாதி. "பொம்பளை கை படாம ஒரு வீடு இப்படி இருக்குமா? எவளையோ கொண்டாந்து உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்"னு கண்ட எடத்துல எல்லாம் சொன்னாளாம்.

அதோட போச்சா? தெனம் காலையில அந்தச் சாத்துன கதவுக்குள்ள இருந்து புள்ள கத்துது. "அய்யோ, விடு, வலிக்குது!" கொஞ்ச நேரங்கழிச்சு இருளாயி வெளிய வருவா. தலையில எண்ணெய் மினுமினுங்கும், சடை விறைச்சு நிக்கும், கண்ணெல்லாம் செவந்திருக்கும்.

ராக்கு புள்ளையப் புடிச்சு நிறுத்தி, "யாருடி ஒனக்குத் தலை பின்னிவிட்டது?"ன்னு கேட்டா.

"சொல்ல மாட்டேன் அத்தை."

"ஏன்டி?"

"அப்பா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

முடிஞ்சுச்சா? மாத்தாந்தாயி புள்ளையக் கொடுமை பண்றாள்னு அன்னைக்கே நாச்சம்மா தம்பி வேலாண்டிக்கு ஆள் போயிருச்சு.

மறுநாள் மத்தியானம் வேலாண்டி வந்தான். கூட நாலு ஆளு, கையில கம்பு. ஊரே பின்னால வந்துச்சு. "மச்சான், கதவத் தெறங்க. எங்க அக்கா செத்து ஆறு மாசம் ஆகல. யாரு உள்ள?"

சோணமுத்து கதவத் தெறந்தான். கையெல்லாம் மொளகா அரைச்ச செவப்பு. "யாரும் இல்ல மாப்ள. நானும் எம் புள்ளையுந்தான்."

உள்ள பூந்து தேடுனாக. குதிருக்குள்ள பாத்தாக, பரணுல பாத்தாக. குதிருல தானியத்து மேல காஞ்ச வேப்பிலை போட்டு மூடியிருக்கு, ஒரு வண்டு இல்ல. ஆனா ஆளும் இல்ல. ஆள் இல்லன்னா சந்தேகம் தீரணுமில்ல? கூடிப் போச்சு. "கொல்லப்புற வழியா ஓடிட்டா"ன்னு கத்துனான் ஒருத்தன்.

சோணமுத்து தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னானாம்: "எல்லாம் நாந்தான் செய்யிறேன். அவ பாயில கெடந்துக்கிட்டே சொல்லிக் குடுத்தா, நான் கத்துக்கிட்டேன்."

ஊரு கொல்லுன்னு சிரிச்சுச்சு. ராக்கு சிரிக்கல. கண்ணச் சுருக்கிக்கிட்டுக் கேட்டா: "அப்ப சொல்லுண்ணே, சோத்துக்குத் தண்ணி எம்புட்டு வைக்கணும்?"

"அரிசிக்கு மேல வெரல வச்சா ஒரு ரேகை அளவு தண்ணி நிக்கணும். மொதநா என் பாதி வெரல வச்சு அளந்துட்டேன், அரிசி வேகல."

"பருப்புக்கு உப்பு எப்ப?"

"வெந்தப்புறம். முன்னாடியே போட்டா மசியாது."

ராக்கு ஒதட்டப் பிதுக்குனா. "எவளாச்சும் சொல்லிக் குடுத்திருப்பா."

வேலாண்டி இருளாயி கையப் புடிச்சான். "பொம்பளை இருந்தா மாத்தாந்தாயி. இல்லைன்னா பொம்பளை இல்லாத வீடு. ரெண்டுல எதுவா இருந்தாலும் பொட்டப்புள்ள இங்க வளரக் கூடாது. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இதுக்குப் பயந்துதான்யா கதவச் சாத்துனேன்"ன்னு சோணமுத்து தரையில உக்காந்து அழுதான். "ஆம்பள அம்மியில உக்காந்தா ஊரு சிரிக்கும், சிரிச்சுட்டுப் போகட்டும். புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவீகன்னுதான் வாயத் தெறக்கல."

அப்பதான் ராக்குக்கு ஒண்ணு தோணுச்சாம். ஒளிஞ்சிருக்கிறவ மொகத்த மறைச்சாலும் சுவத்துல தட்டுற சாணி வரட்டியில கைய மறைக்க முடியுமா? தட்டுனவ வெரலு அப்படியே பதிஞ்சு கெடக்குமே! அந்த வீட்டுக் கொல்லப்புறச் சுவரு முள்வேலிக்குள்ள இருந்ததால யாரும் பாத்ததில்ல. "இந்தா அவ கையப் புடிக்கிறேன் பாரு"ன்னு ராக்கு வேலியத் தள்ளிக்கிட்டுப் போனா.

போனவ திரும்பி வரல.

வேலாண்டி போய்ப் பாத்தான். ராக்கு ஒவ்வொரு வரட்டியாத் தடவிக்கிட்டு நிக்கிறா. "எண்ணிப் பாரு தம்பி." கட்டைவிரல் ஒண்ணு, அடுத்து ரெண்டு முழுசு, அடுத்தது பாதி, கடைசியாச் சுண்டுவிரல். கீழ இருந்து மேல வரைக்கும், நாலரை, நாலரை, நாலரை.

எறவாரத்துக்குக் கீழ ஒரே ஒரு வரிசைதான் வேற. சின்னக் கை. அஞ்சு வெரலும் முழுசா.

"அது யாரு?"ன்னு ராக்கு மறுபடியும் நிமிந்தா.

பின்னாலயே வந்த சோணமுத்து சொன்னான்: "அது ஒங்க அக்கா, மாப்ள. கால் விழுகுறதுக்கு முன்னாடி தட்டுனது. ஐப்பசி மழையில ஈர வெறக ஊதி ஊதிக் கண்ணு கெட்டுச்சு. அப்பவும் அதுல கை வைக்க எனக்கு மனசு வரல."

வேலாண்டி எக்கி நின்னு தன் கைய அந்தச் சின்னக் கை மேல வச்சான். வச்சவன் அழுதான்யா, நாலு ஆளு பாக்க, கம்பக் கீழ போட்டுட்டு அழுதான்.

ராக்கு மட்டும் விடல. "அப்ப புள்ள ஏன் தெனம் கத்துது?"

இருளாயி சொன்னா: "அப்பாவுக்கு மாட்டுச் சாட்டை பின்னத்தான் தெரியும். என் தலையையும் அப்படியே இறுக்குது அத்தை." அழுதவுக எல்லாம் சிரிச்சாகளாம். புள்ள அப்பன்கிட்டயே வளர்ந்துச்சு. சடைய எளக்கிப் பின்றது எப்படின்னு ராக்குதான் வந்து சொல்லிக் குடுத்தா. சொல்லிக் குடுத்துட்டு, வீட்டுக்குள்ள யாராவது இருக்காளான்னு போறப்ப இன்னொரு தடவை பாத்துட்டுத்தான் போனாளாம்.

பத்துப் பன்னெண்டு வருசங்கழிச்சு இருளாயிக்குக் கல்யாணம். பொண்ணு என்ன சொன்னா? "மாப்பிள்ளை எங்கப்பன் சுவத்துல ஒரு வரட்டி தட்டட்டும், அப்புறம் மாலை மாத்துறேன்"னு சொல்லிட்டா. அந்த வரட்டியப் பத்த வச்சுத்தான் புதுவீட்டுல மொதப் பால் காய்ச்சுவேன்னும் சொன்னா. மாப்பிள்ளை வீட்டுல, இப்ப நீங்க குதிச்சீகளே, அதே மாதிரி குதிச்சாக.

அன்னைலேருந்து இந்த ஊருல பொண்ணெடுக்கிறவுக எல்லாரும் தட்டிட்டுத்தான் தாலி கட்டுறாக. இந்தா முன்னால நிக்குதே, இதுக்கு நாலரை விரல் சுவருன்னே பேரு. மூணு தடவை இடிஞ்சு கட்டுன சுவரு. பழைய வரட்டி ஒண்ணும் இல்லைங்கறதையும் நான் தேடிப் பாத்துட்டேன். ஆனா இருளாயி அன்னைக்கு மணையில உக்காந்து கேட்டது மட்டும் அப்படியே நிக்குது.

"எங்கப்பன் நாலரை வெரல்ல குடும்பம் நடத்துனாரு. ஒங்களுக்கு அஞ்சும் இருக்குல்ல?"

நம்ம பொண்ணும் உள்ள இருந்து அதையேதான் கேக்குது. மாப்ள, வேட்டிய மடிச்சுக் கட்டுங்க. கை கழுவச் செம்புல தண்ணி வச்சிருக்கு.