அசல் பாகங்கள்

பித்தளையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். மூன்றாம் நாள் கறுத்துப்போய் முன்னைவிட மோசமாக நிற்கும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் தேய்க்கிறார்கள். நானாகப் போய் யாருக்கும் சொல்வதில்லை. கேட்டால் சொல்வேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நிதானமாகவே சொல்கிறேன்.

என் தொழில் பல் செட் செய்வது. மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல்லை வரிசையாக வைத்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். முப்பது வருடமாக முகமே பார்க்காத ஆட்களுக்குச் சிரிப்புச் செய்து கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தீயணைப்பு வண்டிகள். வருடத்துக்கு ஒருமுறை எங்கள் சங்கத்தார் எல்லோரும் வண்டிகளை மைதானத்துக்குக் கொண்டுவருவோம். இருபது, இருபத்தைந்து வண்டிகள் சேரும். மணி அடிப்போம், தண்ணீர் பீய்ச்சுவோம், பிள்ளைகளுக்குத் தொப்பி மாட்டிவிட்டுப் படம் எடுப்போம். நரைத்த ஆண்பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்று என் மனைவி சொல்வாள். தவறில்லை.

என் வண்டி ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறம் முட்செடிக்குள் கிடந்தது. கதவைச் சுரண்டி நிலைய எண்ணைப் படித்தபோதுதான் அது எந்த வண்டி என்று தெரிந்தது. நாற்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு காலணித் தொழிற்சாலை எரிந்தது. நீங்கள் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். அங்கே முதலில் போய் நின்றது இந்த வண்டிதான். பக்கத்திலேயே கால்வாய், அதில் நிறையத் தண்ணீர். குழாயைக் கால்வாயில் இறக்கியும் கடைசிவரை ஒரு சொட்டு ஏறவில்லை. மேல்மாடியில் தைத்துக்கொண்டிருந்த ஒன்பது பெண்கள் போய்விட்டார்கள்.

அன்று பம்பை இயக்கியவரைத் தேடிப் பிடித்தேன். பிற்பாடு சங்கத்தில் எல்லோரும் அவரைப் பம்பு அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். நல்ல வாட்டசாட்டமான மனிதர். ஆனால் நடக்கும்போது எதிரில் யாருமே இல்லாவிட்டாலும் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடப்பார். முதல் தடவை என் கொட்டகைக்கு வந்தபோது வண்டியைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருமுறை சுற்றி வந்தார்.

கால்வாயிலிருந்து தண்ணீரை இழுக்க வேண்டுமென்றால், குழாயில் இருக்கும் காற்றை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வால்வு இருக்கிறது. காற்றை எடுத்து முடித்ததும் அதை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் பம்பு காற்றைத்தான் இழுக்கும், தண்ணீர் ஏறாது. பதற்றத்தில் அவர் வால்வை மூட மறந்துவிட்டார் என்று விசாரணையில் எழுதினார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை, கிடங்குக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை பூட்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தி அவருடைய கொழுந்தியாள், மனைவியின் தங்கை. மனைவி அவரை விட்டுப் போகவில்லை. சமைத்துப் போட்டார், துணி துவைத்தார், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார், மகள் வந்து அப்பாவிடம் சொல்லும். மகள் கல்யாணமாகிப் போனபிறகு அதுவும் நின்றுபோனது.

“மூடினேன்னுதான் மொதல்ல சொன்னேன் தம்பி,” என்றார் என்னிடம். “கை அந்தப் பிடியைத் திருகினது நல்லா ஞாபகம் இருந்துச்சு. எல்லாரும் இல்லன்னாங்க. போகப் போக எனக்கும் இல்லன்னு ஆயிடுச்சு.”

அவர் இப்படிச் சொல்லி இரண்டு மாதம் கழித்து நான் பம்பைப் பிரித்தேன். ஏழு வருடம் ஆகிறது. பம்பின் இரும்புக் கூட்டை வெளியே எடுத்துப் பழைய பெயிண்டை உரித்துக்கொண்டு வந்தேன். அடிப்பக்கம், தரையைப் பார்த்த மாதிரி இருக்கும் இடத்தில், பெயிண்டுக்குக் கீழே ஓட்டை அடைக்கும் பட்டி வைத்திருந்தது. பட்டியைக் குத்தி எடுத்தேன். உள்ளே என் நடுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். பல் செட்டில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு, எனக்கு இது கண்ணில் குத்தாமல் இருக்குமா? பட்டியின் மேல் நிலையத்தின் பழைய பச்சை பெயிண்ட் இருந்தது. அதற்கு மேலேதான் தீ விபத்து நடந்தபோது இருந்த சிவப்பு. அப்படியென்றால் விரிசல் அதற்கும் முந்தியது. யாரோ பட்டறையில் வேலை முடிந்ததாகக் காட்டுவதற்காகப் பூசி மறைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் இளநீர் குடிக்க முடியாது. அவர் வால்வை மூடியிருந்தாலும் சரி, மூடாவிட்டாலும் சரி, அன்று அந்தப் பம்பு தண்ணீர் இழுத்திருக்காது.

அவரிடம் சொல்லத்தான் இருந்தேன். அதில் சந்தேகமே வேண்டாம். வண்டி முழுசாக முடியட்டும், ஒரு நல்ல நாளில் உட்காரவைத்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். புதுக் கூடு ஒன்று வார்த்துப் பொருத்தினேன். பழையதைத் துணியில் சுற்றி மேஜைக்கு அடியில் வைத்தேன். எத்தனை பழுதாக இருந்தாலும் அசல் பாகத்தைத் தூக்கி எறியக் கூடாது. இந்த வேலையில் அது ஒரு ஒழுங்கு.

அடுத்த வருடம் வண்டி முதல் தடவையாக மைதானத்துக்குப் போனது. எங்கள் சங்கத் தலைவரிடம் ஏணி வண்டி ஒன்று இருக்கிறது, அதனால் அவரை ஏணிக்காரர் என்போம். மைக்கை விடவே மாட்டார். அன்று என்ன தோன்றியதோ, மைக்கைப் பம்பு அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். அண்ணன் வண்டியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடந்ததைச் சொன்னார். தன் தவறுதான் என்றார். கொழுந்தியாளைப் பற்றிச் சொன்ன இடத்தில் குரல் உடைந்தது. மைதானமே அடங்கிப்போனது. மணியடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டார்கள். அந்த வருடம் கோப்பை எங்கள் வண்டிக்குத்தான். ஜனங்கள் வரிசையில் நின்று வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வேறு எந்த வண்டியையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு எப்படிச் சொல்வது? வண்டி ஒழுங்காக இருந்தது, மனிதன் தவறிவிட்டான் என்பதுதான் அந்தக் கதை. வண்டியே ஓட்டை என்றால் அதைத் தொட யார் வரிசையில் நிற்பார்கள்? தவிர, அண்ணனுக்கும் அது பழகிவிட்டது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். ஆறு கூட்டத்தில் சொன்னார், ஆறிலும் அதே இடத்தில்தான் குரல் உடையும். ஆள் கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட எனக்குத் தோன்றியது.

மூன்றாவது கூட்டம் முடிந்த சமயத்தில் அவர் மனைவி படுக்கையில் விழுந்தார். நான் இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்தேன். ஒருநாள் அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தபோது அந்த அம்மா என்னை அருகில் கூப்பிட்டார்.

“வண்டியப் பிரிச்சீங்களாமே. உள்ள ஏதாவது தெரிஞ்சுதா தம்பி?”

“எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நான் வார்த்து வைத்த கூடு சரியாகத்தான் இருந்தது. ஒன்பது நாள் கழித்து இறந்துபோனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அந்த இடத்தில் பம்பைப் பற்றிப் பேசுவது முறையாக இருந்திருக்காது.

இந்த வருடக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் கொட்டகைக்குப் போயிருக்கிறார். சாவி அவரிடமும் ஒன்று உண்டு, என்னைவிட அவரே வண்டியை அதிகம் துடைப்பார். துடைக்கும் துணி தீர்ந்துபோக, மேஜைக்கு அடியில் தேடியிருக்கிறார். நான் வேலை முடிந்து சாயங்காலம் போனபோது முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய கூடு. குழந்தையை வைத்திருப்பது போலக் கவிழ்த்து வைத்திருந்தார்.

அவர் கோபப்பட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. கோபப்படவில்லை.

“இங்க பாருங்க தம்பி,” என்று என் விரலைப் பிடித்து விரிசலில் வைத்தார். “பட்டி வச்சிருக்காங்க. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. பல்லு வேலை பாக்குறவருக்கு இது எப்படித் தெரியும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருடத்துக்கு முன்பே, அதுவும் பெயிண்டுக்கு அடியில் இருந்ததைக் கண்டுபிடித்தவன் நான். சொல்லவும் முடியவில்லை.

அவர் கூட்டை மடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால்வை மூடினேன், கை திருகினது எனக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மகளிடம் போனில் பேசிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரச் சொல்லியிருக்கிறாராம். என்ன விஷயம் என்று சொல்லவில்லை, நேரில் காட்டத்தான். மைக்கிலும் சொல்லப்போகிறாராம். நான் அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அடுத்த வருடம் முறையாக அறிவிக்கலாம், நிபுணர் யாரையாவது வைத்துப் பார்க்கலாம், இப்போது வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“நாப்பத்தொரு வருசம் தம்பி,” என்றார். “இன்னும் ஒரு வருசமா?”

நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மைதானத்தில் வண்டியை நிறுத்தினோம். எங்களுக்கு ஒதுக்கியது ஓரத்து இடம், அங்கே தரை கொஞ்சம் சரிவு. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். மற்றவர்கள் ஏணிக்காரரின் ஏணியை நிமிர்த்துவதை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். அண்ணன் பழைய கூட்டை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். மகள் வந்ததும், அந்த விரிசல் பம்பில் எந்த இடத்தில் இருந்தது என்று கையால் தொட்டுக் காட்ட வேண்டுமாம். ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்கிறேன் என்று அட்டையை விரித்து, பின்சக்கரத்தை ஒட்டி வண்டிக்கு அடியில் படுத்தார். இஸ்திரிச் சட்டை அழுக்காகிவிடும் என்று நான்கூடச் சொன்னேன். பரவாயில்லை என்றார். அடியிலிருந்து அவர் குரல் சந்தோஷமாகக் கேட்டது. அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

கட்டைகளை எடுத்தேன். பிறகு ஏறிக் கைப்பிரேக்கை விடுவித்தேன். வண்டி நான்கு டன். இரண்டு அடிதான் நகர்ந்தது. மறுபடி பிரேக்கை இழுத்தேன், சட்டென்று நின்றது. பையை எடுத்து ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். அப்போதே உயிர் இல்லை. வலி தெரிந்திருக்காது என்று மருத்துவர் சொன்னார், அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மகள் பத்து மணிக்கு வந்தார். ஒரு தீயணைப்பு வண்டியின் படியில் உட்காரவைத்திருந்தார்கள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கேட்டார்.

“ஏதோ காட்டணும்னு வரச் சொன்னாரு. உங்களுக்குத் தெரியுமா, சித்தப்பா?”

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? சின்னம்மா விஷயமாக உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். அப்போதுதான் அழுதார். “நான் எப்பவோ மன்னிச்சிட்டேனே, அதை அவர்கிட்ட சொல்லாமப் போயிட்டேனே,” என்று என் தோளில் சாய்ந்து அழுதார். வெகுநேரம் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

நீங்கள் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடி ஐந்து வாரம் ஆகிறது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. சங்கத்தில் எனக்குத்தான் ஆறுதல் சொல்கிறார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் போன வாரம் உங்கள் அறிக்கையின் நகலை ஏணிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் பக்கத்தில், கைப்பிரேக் பழுதாக இருந்ததே விபத்துக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அந்தப் பிரேக்கை நான் என் கையால் கழற்றிப் பூட்டியவன். அதில் ஒரு குறையும் கிடையாது. யாரோ செய்ததற்கு அந்த வண்டி காலம் முழுக்கப் பழி சுமந்துகொண்டு நிற்பது என்ன நியாயம்? செய்யாத தவறு ஒன்று தலைமேல் ஏறி உட்கார்ந்தால் அது எவ்வளவு பெரிய பாரம் என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால்தான் வந்தேன். பிரேக்கை விடுவித்தது நான், கட்டையை எடுத்தது நான், அவரைக் கொன்றது நான். மூன்றாம் பக்கத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

விரிசல் விஷயம் உங்களுக்குப் புரிவதற்காகச் சொன்னேன், அது கோப்பில் வர வேண்டியதில்லை. காரணம் என்ற இடத்தில் முன்விரோதம் என்று போட்டுக்கொள்ளுங்கள். அவர் மகளிடமும் யாரும் போய்ச் சொல்ல வேண்டாம். பாவம், அந்தப் பெண் அப்பாவை மன்னித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது.