மூணு லிட்டர்

— போதும் மேனேஜரே, நிறுத்துங்க. வழியப் போகுது.

— மூணு லிட்டர் கூட இறங்கலையே நர்ஸம்மா. போன சனிக்கிழமையும் இதே கதைதான். வண்டிய ஓட்டறீங்களா, இல்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சு அழகு பாக்கறீங்களா?

— ரிட்டயர் ஆனவ எங்க போவேன்? ஆஸ்பத்திரியில இருந்தப்போ நைட் டூட்டி, டே டூட்டின்னு ஓடிச்சு. இப்போ அதுவும் பென்ஷன் வாங்குது.

— உக்காருங்க. நாற்காலிய நிழல்ல போட்டிருக்கேன். ஆயில் பாத்துடவா?

— பாக்காம விட்டுடுவீங்களா? இது ஏது புது நாற்காலி?

— வீட்டுலேருந்து கொண்டுவந்தேன். பழசு கால் ஆடிச்சு, உங்களை விழவெச்ச பாவம் எனக்கு எதுக்கு?

— கம்பெனியில கேக்கக் கூடாதா? சட்டையும் வெளுத்துப்போச்சு, காலர் பிஞ்சு தொங்குது. மிஷின் ரிப்பேர்னு சொல்லி எத்தனை நாளா டிரம்லேருந்து கையால சுத்தி ஊத்தறீங்க. டயருக்குக் காத்து அடிக்க சைக்கிள் பம்பு. பங்க்கா இது? நான் வேலை பாத்த வார்டே தேவலை.

— சொல்றதைக் கேளுங்க. ஒத்த ஆளா நடத்தற இடம் இப்படித்தான் இருக்கும்.

— நான் வர்ற நேரத்துல வேற ஒரு வண்டியும் வர்றதில்ல, கவனிச்சீங்களா?

— உங்களைப் பாத்துப் பயந்து ஓடறாங்க. ஊசி போட்டுடுவீங்கன்னு.

— அட போங்க மேனேஜரே. ரோட்டுல போறதெல்லாம் கரண்ட் வண்டி. சத்தமே இல்லாம பூனை மாதிரிப் போகுது. அவங்களுக்கு இங்க என்ன வேலை?

— அதான் எனக்கு வயித்தெரிச்சல். நம்ம பெட்ரோல் மட்டும் என்ன, பூமிய நோண்டி எடுத்ததா? காத்துலேருந்து கரிய எடுக்கறாங்க, தண்ணியிலேருந்து ஹைட்ரஜன எடுக்கறாங்க, ரெண்டையும் சேத்துப் பெட்ரோல் பண்றாங்க. உங்க வண்டி விடற புகை, எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகுது. வாங்கினதை வாங்கின இடத்துல வெச்சாச்சு. இதைவிட நாணயமான பெட்ரோல் உண்டா?

— என் மாப்பிள்ளை வேற மாதிரி சொல்றார். கரண்ட்ட வெச்சுப் பெட்ரோல் பண்ணி, அந்தப் பெட்ரோல வெச்சு வண்டி ஓட்டறதுக்கு, கரண்ட்டையே நேரா வண்டிக்குக் குடுத்தா என்னன்னு. தலையைச் சுத்தி மூக்கைத் தொடற வேலையாம்.

— மூக்கைத் தொட்டாச்சுல்ல? அப்புறம் எந்த வழியா போனா என்ன?

— அவர்கிட்ட சொல்றேன், சிரிப்பார்.

— நர்ஸம்மா, ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டு வாரமா நாக்கு நுனி வரைக்கும் வந்து திரும்பிப் போகுது.

— உடம்புக்கு ஏதாவதா? நாக்கை நீட்டுங்க பாப்போம்.

— உடம்புக்கு ஒண்ணுமில்ல. இன்னியோட சரி. அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு ஊத்தப் பெட்ரோல் கிடையாது.

— லாரி வரலையா?

— இனிமே வராது. விமானத்துக்கும் கப்பலுக்கும் மட்டும் பண்ணாப் போதும், காருக்கு வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த டிரம்மைத் தட்டிப் பாருங்க. இப்போ ஊத்தினதுதான் அடி மண்டி.

— ஓ.

— நானும் விசாரிக்காத இடமில்ல. பக்கத்து ஊர் பங்க்குல கேட்டேன், அங்கயும் சார்ஜ் போடற கம்பம் நட்டுட்டாங்க. உங்களுக்கு என்ன வழின்னு ராத்திரியெல்லாம் யோசிக்கறேன். மழை நேரத்துல நடுரோட்டுல வண்டி நின்னா, ஒத்தப் பொம்பளை என்ன பண்ணுவீங்க? கைய ஆட்டினா எவன் நிறுத்துவான்?

— எனக்காகவா இவ்வளவு?

— வேற யாருக்காக? அதான் டேங்க்க விளிம்பு வரைக்கும் நிரப்பலாம்னு பாத்தா, மூணு லிட்டருக்கு மேல குடிக்க மாட்டேங்குது. இருங்க, இந்த ஆயில் கம்பியப் பாருங்க.

— என்ன அதுக்கு?

— ஆறு மாசம் முன்னாடி நான் மாத்தின ஆயில். இந்நேரம் கருத்துப் போயிருக்கணும். ஊத்தின அன்னிக்கு இருந்த நிறத்துலயே இருக்கு. இது ஓடற வண்டியோட ஆயில் இல்ல. காய்கறி வாங்க, பேங்க்குக்குப் போக, எதுல போறீங்க?

— மேனேஜரே, அந்தக் கம்பிய உள்ள சொருகுங்க.

— சொல்லுங்க நர்ஸம்மா.

— வீட்டுல ஒரு கரண்ட் வண்டி நிக்குது. மாப்பிள்ளையும் பொண்ணும் வாங்கிக் குடுத்தது. ரெண்டு வருஷமா எங்க போனாலும் அதுலதான் போறேன்.

— ரெண்டு வருஷமா?

— நல்ல வண்டிதான், குறை சொல்லக் கூடாது. ராத்திரி வயரைச் சொருகிட்டுப் படுத்தா, காலையில ரெடியா இருக்கு. அதுக்கு யாருமே வேண்டாம். அதுதான் எனக்குத் தாங்கல. மளிகை வாசல்ல வந்து இறங்குது, மருந்து தபால்ல வருது. ஒரு வாரம், முழுசா ஒரு வாரம், நான் யார்கிட்டயும் பேசல. பொண்ணு போன்ல கேக்குறா, 'ஏம்மா தொண்டை கட்டியிருக்கு?'ன்னு. கட்டல. பேசாம இருந்து துருப்பிடிச்சுப் போச்சு.

— அப்போ இந்த வண்டி?

— இங்க வர்றதுக்கு மட்டும். சனிக்கிழமை சனிக்கிழமை. டேங்க்குல கொஞ்சமாவது இடம் இருக்கணுமேன்னு வர்ற வழியில ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வருவேன்.

— எதுக்கு நர்ஸம்மா? பேசணும்னா யார் வீட்டுக்காவது போகக் கூடாதா?

— போனேனே. கதவைத் திறந்ததும் 'என்ன விஷயம்?'னு கேக்கறாங்க. விஷயம் ஒண்ணும் இல்லன்னா பாவமாப் பாக்கறாங்க. பெட்ரோல் போட வந்தவளை யாரும் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாங்க. நீங்க கண்ணாடி துடைப்பீங்க, ஆயில் பாத்துடவான்னு கேப்பீங்க. அந்த ஒரு கேள்விக்காகத்தான் மேனேஜரே வந்துட்டு இருந்தேன்.

— இருங்க, கண்ணாடியத் துடைச்சுடறேன்.

— ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது திட்டுங்க.

— திட்டாம? எவ்வளவு நல்லா ஏமாத்தியிருக்கீங்க. வண்டி நின்னுடும், நின்னுடும்னு நான் கிடந்து அடிச்சுக்கறேன். வீட்டுல ஒண்ணு நிறுத்தி வெச்சுக்கிட்டு, இங்க வந்து என் பெட்ரோலப் பத்தி நான் அளக்கறதைத் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு... என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?

— தப்புதான். சொன்னா இங்க வர்றதுக்குக் காரணம் இல்லாமப் போயிடும்னு பயந்தேன்.

— அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க. பானட்ட மூடணும்.

— கோபமா?

— கோபமில்ல. உங்க விரல் மாட்டிக்கப் போகுது.

— சரி, ஒண்ணு பண்ணலாம். அடுத்த சனிக்கிழமை அந்தக் கரண்ட் வண்டியிலேயே வர்றேன். பெட்ரோலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க கண்ணாடி மட்டும் துடைங்க. லாரி வராட்டி என்ன, உங்களை இங்க வெச்சிருப்பாங்கல்ல? மத்த நாள்ல வர்றவங்களுக்குக் காத்து அடிக்கவாவது ஆள் வேணுமே?

— எந்த மத்த நாள்?

— திங்கள், செவ்வாய். நான் வராத நாளு.

— நர்ஸம்மா, அந்த ஆபீஸ் ரூம் திறந்திருந்து நீங்க பாத்திருக்கீங்களா?

— இல்லையே. நீங்க எப்பவும் வெளியிலதானே உக்காந்திருப்பீங்க, புழுக்கம்னு சொல்லி.

— என்கிட்ட சாவி இல்ல. வாங்கிக்கிட்டாங்க.

— எப்போ? மேனேஜரே, என்ன சொல்றீங்க?

— இந்தப் பங்க்க மூடி வருஷம் ஒண்ணு ஆச்சும்மா. மிச்சமிருந்த ஒரு டிரம்மை நான்தான் கேட்டு வாங்கி வெச்சேன், நீங்க மூணு மூணு லிட்டரா போட்டதாலதான் அது இன்னிவரைக்கும் வந்துது. சனிக்கிழமை ஆனா, பையன்கிட்ட வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு, இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வர்றேன்.